தீப்பெட்டி வாங்கப் போனோம்

எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தலைகளை எண்ணிவிடுவேன். மறுநாள் பேப்பரில் பாதியாக்கிவிடுவார்களே என்ற கவலைதான். புனே பக்கத்துக் கட்கியில், அரசு வெடிமருந்துத் தொழிற்சாலையில் தோட்டாக்களை எண்ணிச் சரிபார்த்தவன் நான். எண்ணாமல் விட்டது எதுவும் என்னைத் தூங்க விடாது.

புது நூற்றாண்டின் தொடக்க வருஷங்கள் அவை. டெல்லியில் இருந்த பழமைவாத அரசு மேடைக்கு மேடை தேசபக்தி பேசிக்கொண்டே எங்களைத் தனியார் கையில் கொடுக்கப் பார்த்தது. ஷிப்ட் முடிந்ததும் கேட்டுக்கு வெளியே கொடும்பாவி எரிப்பதென்று யூனியனில் முடிவானது. கலந்துகொள்கிறவர்கள் மீது நடவடிக்கை பாயும் என்று நிர்வாகம் அறிவிப்பு ஒட்டியது. எனக்கு ஓய்வுபெற இரண்டு வருஷம் இருந்தது.

"ரெண்டு வருஷம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க. பென்ஷன் கைக்கு வரட்டும், அப்புறம் தினமும் போய்க் கத்துங்க" என்றாள் மனைவி.

போகாமலிருக்க முடியவில்லை. போனேன், ஆனால் சாலையோர வேப்பமரத்துக்குப் பின்னால் நின்றேன். செக்யூரிட்டி ஆள் ஒருவன் கேட்டருகே ஸ்டூல் போட்டு ஏறி நின்று எல்லோரையும் படம் பிடித்துக்கொண்டிருந்தான். மறைவில் இருந்தபடியே எண்ணினேன். இருநூற்றுப் பதின்மூன்று பேர். என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை.

கோஷம் முடிந்து, வைக்கோல் பொம்மைக்கு மண்ணெண்ணெயும் ஊற்றியாயிற்று. அப்புறம்தான் தெரிந்தது, ஒருவரிடமும் தீப்பெட்டி இல்லை. எப்படி இருக்கும்? உள்ளே போகும்போது தினமும் பாக்கெட்டைத் தடவுவார்கள். ஒரு தீக்குச்சி அகப்பட்டால் வேலை போய்விடும். பீடி பிடிக்கிறவர்கள்கூட வீட்டிலேயே பிடித்துவிட்டுத்தான் வருவார்கள். பொம்மையைச் சைக்கிளில் கொண்டுவந்தவனும் அடுத்த ஷிப்டுக்குப் போகிறவன், அவன் பாக்கெட்டும் காலி. எதிர் டீக்கடைக்காரர் போலீஸ் ஜீப்பைக் கண்டதுமே ஷட்டரை இறக்கியிருந்தார்.

பந்தோபஸ்துக்கு வந்த மராட்டி இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

"காய் ஓ, என்னய்யா இது, பட்டாளத்துக்கே குண்டு செஞ்சு தர்றீங்க, ஒரு தீக்குச்சிக்கு வழியில்லையா? போங்க, வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுங்க."

பின்வரிசை சைக்கிள்களைப் பார்த்துத் திரும்பியது. இத்தனை பேரும் இந்தச் சிரிப்போடு வீட்டுக்குப் போவதா? மரத்தை விட்டு வெளியே வந்தேன்.

"பஜாருக்குப் போய் வாங்கிக்கலாம், வாங்க!" என்று ஹிந்தியில் கத்தினேன்.

"ஒரு ஆள் போனா போதும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆளுக்கொரு தீப்பெட்டி வேணும், சாஹேப்."

"ஊர்வலத்துக்கு அனுமதி இல்ல, தெரியுமில்ல?"

"ஊர்வலம் யார் போறாங்க? நாங்க கடைக்குப் போறோம்."

எங்கள் செக்‌ஷன் வேலூர்க்காரன் என் காதருகே வந்தான். "அண்ணே, மரத்துக்குப் பின்னாடி நின்னது நீங்கதானா? சிஐடின்னு நெனச்சுப் பத்துப் பேருக்குச் சொல்லிட்டேனே!"

கட்கி பஜார் முழுக்க நடந்தோம். மூன்று கடைகளில் தீப்பெட்டி தீர்ந்துபோயிற்று. துணிக்கடைக்காரர்களும் வாசலுக்கு வந்து எதற்கென்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கோஷத்திலேயே பதில் சொன்னோம். கேட்டில் கத்தியது கேட்டுக்கு மட்டும்தான் கேட்டிருக்கும். இப்போது ஊருக்கே தெரிந்தது. திரும்பி வந்ததும் காமிரா எங்கே என்று பார்த்துவிட்டு, அதற்கு நேராக நின்று முதல் குச்சியை நான் உரசினேன்.

பத்து நாளில் மெமோ வந்தது. சுமார் அறுபது பேர் கொண்ட கூட்டத்தில் நான் கலந்துகொண்டது உண்மையா என்று கேட்டிருந்தார்கள்.

"இல்லைன்னு எழுதிடுங்க" என்றாள் மனைவி.

"உண்மை. ஆனால் எண்ணிக்கை தவறு. இருநூற்றுப் பதினான்கு பேர் இருந்தோம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஒரு இன்கிரிமென்ட்டை நிறுத்தினார்கள். பென்ஷனில் கை வைக்கவில்லை. வைத்திருந்தாலும் அந்த எண்ணிக்கையில் ஒன்றைக்கூட நான் குறைத்திருக்க மாட்டேன்.