பின்கதவைத் தட்டியது யார்?

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி கவி கைப்பேசியை விட்டெறிந்தாள். மெத்தைமேல்தான். கோபத்திலும் அதன் விலை ஞாபகம் இருக்கிறது பாருங்கள். ஜப்பான்காரர்கள் படம் படமாகப் போடும் ஒரு பேய்க்கதையை வாராவாரம் வாசித்து, எனக்கும் தமிழில் சொல்லிவந்தாள். ஒரு பள்ளிக்கூடம், அதில் திறக்கவே திறக்காத ஓர் அறை, உள்ளே யாரோ பாடுகிறார்கள். யாரென்று சொல்லாமலே கதையை முடித்துவிட்டார்களாம்.

"வருசக்கணக்கா படிச்சேன் அம்மாச்சி! ஏமாத்திட்டான்."

"உள்ள யாருடி பாடுனது?"

"அதத்தான் சொல்லலங்கிறேன்ல!"

அவளைச் சமாதானப்படுத்த டீ போடப் போனேன். உண்மையில் எனக்குத்தான் இருப்புக்கொள்ளவில்லை. ஏலக்காயைத் தட்டினேன். அந்த வாசனை மூக்கில் ஏறியதும், பழனிசெட்டிபட்டி அடுப்படியில் நின்றவள் போடிக்குப் போய்விட்டேன்.

கல்யாணமான புதிதில் போடியில் ஒரு கொட்டகைக்கு ஏலக்காய் பொறுக்கப் போனேன். மலையிலிருந்து மூட்டையாக வரும் காயைச் சொளகில், அதுதான் முறத்தில், கொட்டி, பெரியது, சிறியது, வெடித்தது என்று பிரிக்க வேண்டும். பிரித்த எடைக்குத்தான் கூலி. அந்த வாசனை குளித்தாலும் போகாது. "பாயாசச் சட்டிகூடப் படுத்த மாதிரி இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர். புகழ்ந்தாரா வைதாரா என்று இன்றுவரை தெரியாது.

அங்கே எங்களோடு நூரு இருந்தாள். உத்தமபாளையத்து ராவுத்தர் வீட்டுப் பெண். புருஷன் செத்து, மூன்று பிள்ளைகள். அதற்கு முன்னால் பஞ்சாலையில் வேலை பார்த்தபோது வலது கட்டைவிரல் நசுங்கி, மடங்காமல் போய்விட்டது. நாங்கள் ஒரு சொளகை முடிக்கும்போது அவள் கால் சொளகில் நிற்பாள். ஆனால் எட்டாவது படித்தவள். நான் மூன்றாவது வரைதான். அந்த மூன்றாவது வகுப்புக்கும் என்னை விட மனமில்லை. இரண்டு வருசம் வைத்திருந்தது.

அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. வெள்ளிக்கிழமை வரும் வாரப் புத்தகத்தில் ஒரு பேய்ப் படக்கதை உண்டு. நூரு படத்தைக் காட்டிக் காட்டிச் சத்தமாக வாசிப்பாள். நாங்கள் ஆளுக்கு ஒரு கை, பொறுக்கின காயை அவள் சொளகில் போடுவோம். ஒரு வாரத்துக் கதையை அடுத்த வெள்ளிவரை இழுத்துவிடுவாள் கெட்டிக்காரி. அந்த வாசிப்பில்தான் அவள் வீட்டில் உலை கொதித்தது.

கதை இதுதான். மலையில் ஒரு பங்களா. தினமும் பொழுது சாயும்போது யாரோ பின்கதவைத் தட்டி, மூத்த மருமகளைப் பேர்சொல்லிக் கூப்பிடுவார்கள். திறந்தால் ஆள் இருக்காது. ஈரக் காலடி மட்டும் இருக்கும். யார்? செத்துப்போன மாமியார் என்றாள், எனக்கு எதிரே உட்கார்ந்து காய் பொறுக்கும் பேச்சி. அவளுக்கு எல்லாக் கெட்டதும் மாமியார்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை, மருமகள் கதவைத் திறக்கிறாள், யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள், முற்றும் என்று போட்டுவிட்டான்.

"என்ன முற்றும்? யாரப் பாத்துச் சிரிச்சா?" என்று பேச்சி சொளகைத் தட்டினாள். நூரு புத்தகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்களுக்குக் கதை போயிற்று. அவளுக்குக் கூலியில் பாதி போயிற்று.

அடுத்த வாரம் புத்தகத்தோடு வந்தாள். "முடியலையாம்க்கா. ரெண்டாம் பாகம் போட்டுருக்கான்" என்று ஆரம்பித்தாள். மருமகள் பார்த்தது ஆளையே அல்லவாம், கிணற்றுக்குப் போகும் ஒரு தடத்தையாம். கை கையாகக் காய் விழுந்தது. நான் பக்கத்தில் இருந்தேனா, மெல்ல எட்டிப் பார்த்தேன். அவள் விரித்து வாசித்த பக்கத்தில் இருந்தது கூந்தல் தைல விளம்பரம். மறுநாள் எட்டிப் பார்த்தேன், ராசிபலன். கும்ப ராசிக்கு வயிற்றுவலி என்று எழுத்துக்கூட்டிப் படித்த ஞாபகம். நான் வாயைத் திறக்கவில்லை. தட்டுவது யாரென்று தெரியாமல் போய்விடுமே!

அப்படியே மாதங்கள் ஓடின. பிறகு அவள் அண்ணன் வந்து, பிள்ளைகளோடு ஊருக்கே கூட்டிப்போவதாகச் சொன்னார். கடைசி நாள் நூரு அழுதுவிட்டாள்.

"கதை எப்பவோ முடிஞ்சுபோச்சுக்கா. அதுக்கப்புறம் எல்லாம் நானா சொன்னது. என்னய வையாதீக."

"அடி போடி, தெரியும்" என்றாள் பேச்சி. "படத்தக் காட்டாம வாசிக்கும்போதே தெரியும்." சுற்றிப் பார்த்தால் எல்லாத் தலையும் ஆடுகிறது. நான் ஒருத்திதான் ரகசியக்காரி என்று நினைத்திருந்தேன்.

"பெறகு ஏன் காய் போட்டீக?"

"கதவத் தட்டுனது யாருன்னு தெரிய வேணாமா? சொல்லிட்டுப் போ."

"எனக்கே தெரியாதுக்கா!"

கொட்டகையே அவளை வைதது. வைதுகொண்டே அவள் சொளகை நிரப்பியது. சாயங்காலம் நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

இப்போது காய் பிரிக்க மிஷின் வந்துவிட்டது. எங்கள் கொட்டகை இருந்த இடத்தில் மாடிவீடு. நூரு இப்போது உத்தமபாளையத்திலும் இல்லையாம், அங்கிருந்து எங்கே போனாளோ, விசாரித்தும் துப்பில்லை. அன்றைக்கு டீயைக் கவியிடம் கொடுத்துவிட்டு, சின்னமனூரில் மகளோடு இருக்கும் பேச்சிக்குப் போன் போட்டேன். நூருவை ஞாபகப்படுத்தியதுதான் தாமதம், சுகம்கூட விசாரிக்கவில்லை அவள்.

"ஏடி, பஸ் ஏறும்போது உங்கிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனாளாமே, நெசமா?"

நூரு பஸ்ஸில் ஏறி, பிள்ளைகளை எண்ணினாள், வேறொன்றும் பேசவில்லை. ஆனால் பேச்சியின் குரலில் அந்த அவசரத்தைக் கேட்டதும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

"சொன்னா."

"யாருடி?"

"போன்ல சொல்ற காரியமா அது? நேர்ல வா."

வெள்ளிக்கிழமை வருகிறாள். வேறெங்கும் போகாதவள், முட்டிவலியோடு பஸ் ஏறி வருகிறாள். அன்றிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. தட்டியது யாரென்று யோசித்துக்கொண்டே கிடக்கிறேன். அந்தக் கொட்டகையில் உட்கார்ந்தவர்களில் இன்னும் இதைக் கேட்க அவள் ஒருத்திதான் மிச்சம். ஒரே நாளில் சொல்லி முடித்துவிடுவேன் என்றா நினைக்கிறீர்கள்?