திருநீறு கேட்காத கல்லூரி

எங்கள் தெருவில் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று கிடையாது. பெரிய காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு அமாவாசைதான் விடுமுறை. அன்றைக்குத்தான் தறிச்சத்தம் ஓயும். பெண் பார்ப்பது, துணி எடுப்பது, சொத்தைப் பல்லைப் பிடுங்குவது எல்லாமே அன்றைக்குத்தான். நான் எந்தக் கல்லூரியில் சேர்வது என்பதும் ஓர் அமாவாசைக்காகக் காத்திருந்தது.

அறுபதுகளின் கடைசி. எஸ்.எஸ்.எல்.சி. தேறியிருந்தேன். தெருமுனைப் படிப்பகத்தில் பத்திரிகைகளைக் கரைத்துக் குடித்ததில், கடவுள் இல்லை என்ற முடிவுக்கு வந்து, திருநீறு பூசுவதை விட்டிருந்தேன். அப்பாவோ நெற்றியில் மூன்று பட்டை இல்லாமல் தறிக்குழியில் இறங்க மாட்டார். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை. என் வெறும் நெற்றியைப் பார்ப்பார். பிறகு குனிந்து நெய்யத் தொடங்கிவிடுவார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

இரண்டு கல்லூரிகள் பேச்சில் இருந்தன. வெளியூரில் ஒரு சைவ மடம் நடத்தியது ஒன்று. சென்னையில் பாதிரியார்கள் நடத்தியது மற்றது. அப்பாவுக்கு மடத்துக் கல்லூரி மேல் கொள்ளை ஆசை. அங்கே விடுதியில் இரண்டு வேளையும் பூஜைக்கு நிற்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். படிப்பதற்காக, நம்பாததை நம்புவதுபோல் வருடக்கணக்கில் நடிக்க வேண்டுமா? அந்த வயதில் அது எனக்கு உயிர்போகிற விஷயம். இப்போதும் அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல மாட்டேன்.

அமாவாசையன்று முதல் பஸ்ஸில் மடத்துக் கல்லூரிக்குப் போனோம். அலுவலகம் பூட்டிக் கிடந்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை. காலண்டரில் அமாவாசையைத் தேடிப் பிடித்த எங்கள் வீட்டில் ஒருவருக்கும் கிழமையைப் பார்க்கத் தோன்றவில்லை.

விடுதி மட்டும் திறந்திருந்தது. விடுதிக் காப்பாளர் நல்ல மனிதர். இவ்வளவு தூரம் வந்தவர்களை வெறுமனே அனுப்ப மனமில்லாமல் பூஜைக்கு அழைத்தார். தீபாராதனை முடிந்ததும் திருநீற்றுத் தட்டோடு அவரே வந்தார். அப்பா கண்ணை மூடிப் பூசிக்கொண்டார். தட்டு என் முன்னால் வந்து நின்றது. என் கை எழவில்லை. வீரமெல்லாம் ஒன்றுமில்லை, பயந்துபோய்த்தான் நின்றேன்.

“எடுத்துக்கோ தம்பி. இங்க சேர்ந்தா தினமும் பூசணும் இல்லையா?” என்றார் காப்பாளர்.

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அவனுக்கு நம்பிக்க இல்லீங்க. காலேஜுக்கோசரம் பூசிக்கினா அது திருநீறு இல்லீங்க, வெறும் சாம்பல். நாங்க வேற எடம் பாத்துக்கறோம்.”

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது.

அடுத்த வாரம், அமாவாசை அல்லாத ஒரு நாளில், அப்பா தறியை நிறுத்தினார். “இன்னாபா, யாருக்காவது ஒடம்பு சரியில்லயா?” என்று பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்து விசாரித்தார். நாங்கள் சென்னைக்குக் கிளம்பினோம்.

கல்லூரி முதல்வர் வெள்ளை அங்கி அணிந்த பாதிரியார். என் மதிப்பெண்களைப் பார்த்துச் சேர்த்துக்கொள்கிறேன் என்றார். நெற்றி நிறையத் திருநீற்றோடு நின்றிருந்த அப்பா ஒன்றே ஒன்று கேட்டார்.

“எம்புள்ளய சாமி கும்புடச் சொல்லிக் கட்டாயப்படுத்த மாட்டீங்களே?”

முதல்வர் அந்த மூன்று பட்டைகளைப் பார்த்துப் புன்னகை செய்தார். “பயப்படாதீங்க. எங்க சாமியை யார் மேலேயும் திணிக்க மாட்டோம்.”

“உங்க சாமிய மட்டும் சொல்லலீங்க ஐயா. எந்தச் சாமியா இருந்தாலும், அவனா கும்புட்டா கும்புடட்டும்.”

இதைச் சொல்லும்போது அப்பாவின் கை தானாக மேலே போய் நெற்றித் திருநீற்றைத் தொட்டது.