அண்ணனுக்கு இல்லாத புரதம்

எங்கள் ஆய்வகத்தில் வாரத்தில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் உட்கார்ந்து யாராவது எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் பிரித்து மேய்வோம். அந்த வாரம் பேச வேண்டியவள் நான். கட்டுரையைத் தேர்ந்து கொடுத்தவர் எங்கள் பேராசிரியை. கொல்லம் பக்கத்துக்காரர், கோபம் வந்தாலும் குரல் உயராது. எம்ஆர்என்ஏவின் தலையில் இருக்கும் தொப்பியைப் பற்றியதுதான் என் வேலை. அதே தொப்பி மூளையில் என்ன செய்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளட்டும் என்று கொடுத்தார். அந்தக் கட்டுரையில் நான் என் அண்ணனைப் பார்த்தேன்.

முதலில் தொப்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொரோனா வந்துபோன பிறகு எம்ஆர்என்ஏ என்ற பெயரைக் கேட்காதவர்கள் குறைவு. செல்லின் உட்கருவுக்குள் பத்திரமாக இருக்கும் மரபணுவிலிருந்து எடுத்த நகல் அது. நகல் வெளியே வந்து, புரதம் கட்டுகிற ரைபோசோமிடம் சேர வேண்டும். அதன் முன்முனையில் ஒரு சின்ன வேதிப்பொருள் தலைகீழாக ஒட்டியிருக்கும். அதுதான் தொப்பி. தொப்பி இல்லாத நகலைச் செல் மதிக்காது, சீக்கிரமே சிதைத்தும்விடும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மின்மினிப் பூச்சியின் ஒளிப் புரதத்துக்கான நகல்களை எடுத்து, சிலவற்றுக்குத் தொப்பி போட்டும் சிலவற்றுக்குப் போடாமலும் வளர்ப்புச் செல்களுக்குள் அனுப்பிப் பார்த்தேன். தொப்பி போட்டவற்றில் கருவி வெளிச்சத்தைக் காட்டியது. மற்றவற்றில் இருட்டு. அன்று சாயங்காலம் வீடு இருக்கும் கரமனை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கால் வலித்ததே தெரியவில்லை.

தொப்பியைப் பிடித்துக்கொண்டு ரைபோசோமை வரவழைக்க ஒரு புரதம் இருக்கிறது. அது அளவுக்கு மீறிப் பெருகினால் செல்லும் கட்டுக்கடங்காமல் வளரும். சில புற்றுநோய்களில் அதுதான் நடக்கிறது. எல்லா நகலும் எல்லா நேரமும் புரதமாகிவிடக் கூடாதே என்று, அந்தப் பிடியைத் தடுத்து வைக்கிற புரதங்களும் இருக்கின்றன. கட்டுரை, மூளையில் இப்படித் தடுத்து வைக்கும் ஏற்பாட்டில் சேர்ந்த ஒரு புரதத்தைப் பற்றியது. பிறவியிலேயே அது இல்லாதவர்களுக்கு, நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடங்களில் வேண்டாத நேரத்திலும் புரதம் உற்பத்தியாகிக்கொண்டே இருக்கும். அந்த நோய்க்கு ஃப்ராஜைல் எக்ஸ் என்று பெயர்.

கட்டுரையின் முன்னுரையில் நோயாளிகளின் அடையாளங்களை நாலைந்து வரியில் எழுதியிருந்தார்கள். நீண்ட முகம், பெரிய காது. பேசும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். பதற்றம் வந்தால் கையைக் கடிப்பார்கள். நான் அந்த வரிகளை மறுபடி படித்தேன். அண்ணனின் இடது கையில், கட்டைவிரலுக்குக் கீழே, கடித்துக் கடித்துக் காய்த்துப்போன இடம் ஒன்று இருக்கிறது.

அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். அப்பாவும் அம்மாவும் தென்காசிப் பக்கமிருந்து திருவனந்தபுரத்துக்கு வந்த மறு வருஷம் பிறந்தவன். அப்பா ஓட்டலில் வேலை பார்த்தார். முழங்கால் ஒத்துழைக்காமல் போனபோது, அம்மா வீட்டிலேயே கிரைண்டர் வைத்து இட்லி மாவு ஆட்டிப் பாக்கெட் போட ஆரம்பித்தாள். அண்ணன் பாக்கெட்டுகளின் வாயைச் சூடு காட்டி ஒட்டுவான். அப்பா ஸ்கூட்டரில் கடைகளுக்குக் கொண்டுபோய்ப் போடுவார். சின்ன வயதில் அண்ணனைப் பார்த்த டாக்டர்கள் ஒருவர் மூளை வளர்ச்சிக் குறைவு என்றார், ஒருவர் ஆட்டிசம் என்றார். ஏன் என்று யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அவன் படித்த பள்ளியில் மலையாளம்தான். கூட்டத்தைக் கண்டு மிரண்டால் முன்னால் நகர்ந்து நிற்கச் சொல்லும் பஸ் கண்டக்டர்போல, "முன்னோட்டு கேறி நிக்கு, முன்னோட்டு கேறி நிக்கு" என்று சொல்லிக்கொண்டே இருப்பான்.

அன்று எப்படியோ பேசி முடித்தேன். எல்லோரும் போன பிறகு பேராசிரியை கேட்டார், "என்ன மோளே, கடைசிப் படத்தை விட்டுட்டியே?"

அண்ணனைப் பற்றிச் சொன்னேன். அவர் மேசையில் கைகளை வைத்துக் கேட்டுக்கொண்டார்.

"ஒரு கட்டுரையைப் படிச்சிட்டு வீட்டு ஆளுக்கு நோய்ப் பேர் வைக்கக் கூடாது, கேட்டோ," என்றார். "ஆனா உனக்குத் தோணினது தப்பா இருக்கணும்னும் இல்லை. மரபணு டாக்டர் ஒருத்தரைப் போய்ப் பாரு. இந்த டெஸ்டை நம்ம ஆய்வகத்துல செய்யக் கூடாது. நீ செய்யவே கூடாது."

அந்தக் கடைசி வார்த்தையை அவர் ஏன் சொன்னார் என்று எனக்குத் தெரியும். அண்ணனின் ஒரு சொட்டு ரத்தம் கிடைத்தால் போதும் என்று நான் நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

வீட்டில், "அண்ணனுக்குப் புதுசா ஒரு டெஸ்ட் வந்திருக்கு" என்று மட்டும் சொன்னேன். அம்மா, "இனிமே என்னத்தட்டி டெஸ்ட்?" என்றாள். ஆனாலும் கிளம்பி வந்தாள். ஆஸ்பத்திரியில் ஊசியைக் கண்டதும் அண்ணன் கண்டக்டர் பேச்சை ஆரம்பித்துவிட்டான். நர்ஸ் ஒரு பெண். அவள் அவனைப் பிடிக்கவும் இல்லை, அதட்டவும் இல்லை. "முன்னோட்டு கேறி நின்னு சேட்டா, இனி டிக்கெட் எடுக்கணும்" என்று அவன் பேச்சிலேயே சொல்லிக் கையை நீட்டினாள். அண்ணன் கையைக் கொடுத்துவிட்டான். அம்மாவின் ரத்தமும் என் ரத்தமும் எடுத்தார்கள்.

முடிவு வந்தபோது அம்மாவையும் என்னையும் உட்கார வைத்து டாக்டர் விளக்கினார். தமிழ் தெரிந்தவர். மரபணுவில் ஒரே எழுத்துக் கோவை திரும்பத் திரும்ப வரும் இடம் ஒன்று இருக்கிறது, அது தலைமுறைக்குத் தலைமுறை நீளலாம். ஓரளவு நீண்டால் பெரிதாக ஒன்றும் தெரியாது. மிகவும் நீண்டுவிட்டால் மரபணுவே மூடிக்கொள்ளும், அந்தப் புரதம் வராது. அண்ணனுக்கு மூடிவிட்டது. அம்மாவுக்கு ஓரளவு நீண்டிருக்கிறது. எனக்கும் அப்படியே.

அவர் பேசப் பேச எனக்கு ஒரே பயம்தான். அது அம்மாவிடமிருந்து வந்தது என்று அவள் காதில் விழுந்தால் என்ன ஆவாள்? நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையை விடுவித்துக்கொண்டு டாக்டரிடம் கேட்டாள்.

"அப்ப நான் விழுந்ததுனால இல்லியா?"

டாக்டருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

அண்ணன் வயிற்றிலிருக்கும்போது அம்மா கரமனை ஆற்றுப் படியில் துணியோடு வழுக்கி விழுந்திருக்கிறாள். யாரோ தூக்கிவிட்டார்கள், பெரிதாக அடி இல்லை. அந்தக் கதை இவ்வளவுதான். எனக்கு அதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை.

"அதுனால இல்லைம்மா," என்றார் டாக்டர். "நீங்க விழாம இருந்திருந்தாலும் இப்படித்தான் இருந்திருக்கும். இது உங்களுக்கு உங்க அப்பாகிட்ட இருந்து வந்திருக்கலாம். ஓரளவு நீண்டவங்க சிலருக்கு வயசானப்ப கை நடுங்கும். அவருக்கு அப்படி இருந்துச்சா?"

"தம்ளரைப் பிடிக்க முடியாது," என்றாள் அம்மா. "நடையும் தள்ளாடும். குடிகாரன்னு ஊர்ல சொல்லுவாவ. அவர் தொட்டதில்ல."

வீட்டுக்கு வந்ததும் அம்மா முகம் கழுவாமல் நேரே அப்பாவிடம் போனாள். அப்பா ஸ்கூட்டரின் முன்சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நான் ஆத்துல விழுந்ததுனால இல்லியாம்," என்றாள்.

"எது?"

"பிள்ளைக்கு. அது பொறக்கும்போதே வந்ததாம். நான் விழுந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லியாம். உன்னை யாரு ஆத்துக்குப் போகச் சொன்னான்னு கேட்டீயளே!"

அப்பா நிமிர்ந்து பார்த்தார். "நான் எப்பளா கேட்டேன்?"

"கேட்டீய."

"எப்போ?"

அம்மா சொல்ல வாயெடுத்து, நிறுத்திவிட்டாள். அவர் பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே மறந்துபோயிருந்தார். அண்ணனுக்கு நடக்கவே நாளாகி, ஊர் ஆஸ்பத்திரியெல்லாம் ஏறி இறங்கிய காலத்தில் என்றைக்கோ ஆத்திரத்தில் சொல்லியிருப்பார். அம்மா அந்த ஒரு வாக்கியத்தோடு இத்தனை வருஷம் மாவு ஆட்டியிருக்கிறாள். பிறகு அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அப்பா என்னிடம், "இப்ப நான் என்ன செய்யணும்?" என்று கேட்டார். அவர் போய் ஊறப்போட்ட அரிசியைக் கழுவிக் கிரைண்டரில் போட்டார். அதுவரை அவர் கிரைண்டரைத் தொட்டு நான் பார்த்ததில்லை. தண்ணீர் கூடிப்போய் அன்றைய மாவு தோசைக்குத்தான் ஆயிற்று. அம்மா வெளியே வந்து பார்த்து, குறை ஒன்றும் சொல்லாமல், "தோசை மாவுன்னு சொல்லிக் குடுங்க," என்றாள்.

நான் அப்போது கல்யாணமாகி அடுத்த தெருவில் வாடகைக்கு இருந்தேன். என் கணவர் நாகர்கோவில்காரர், விழிஞ்ஞம் துறைமுகத்தில் கிரேன்களின் மின்வேலை பார்க்கிறார். அவரிடம் சொல்வதற்கு அம்மாவிடம் சொன்னதைவிட அதிகம் தயங்கினேன். முழுவதும் கேட்டுவிட்டு, "உனக்கு இப்ப உடம்புக்கு ஒண்ணும் இல்லியே?" என்றார்.

"இல்லை. ஆனா பிள்ளைக்கு வரலாம்."

"வராமலும் இருக்கலாமா?"

"பாதிக்குப் பாதி."

"அப்ப டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போய்க் கேப்போம். நீ ஒத்தையில யோசிச்சு வச்சுக்காத," என்றார். போய்க் கேட்டோம். வயிற்றில் வளரும்போதே பார்க்க வழி உண்டு, கருவை வெளியில் உண்டாக்கி வயிற்றில் வைப்பதற்கு முன்பே பார்க்கவும் வழி உண்டு என்று சொன்னார்கள். அண்ணனைப் போல ஒரு பிள்ளை வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வேண்டும் என்றும் வரவில்லை. நாங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை.

அம்மா செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருந்தது. தாத்தாவிடமிருந்து வந்தது என்றால், ஆணுக்கு இருக்கும் ஒரே எக்ஸ் குரோமோசோம் பெண்மக்கள் எல்லோருக்கும் போவதால், அவருடைய எல்லாப் பெண்களுக்கும் வந்திருக்கும். தென்காசியில் இருக்கும் சித்திக்கும் அது உண்டு. சித்திக்கு ஒரே மகள், கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு, நான் சொல்லிக்கொடுத்தபடி மெதுவாகச் சொன்னாள்.

சித்தி கேட்டுவிட்டு, "எக்கா, உன் பிள்ளை அப்படிப் பொறந்தா எங்க எல்லாருக்கும் சீக்கு இருக்கணுமா?" என்றாள். "பொண்ணு பாக்க வர்ற நேரத்துல இந்தப் பேச்சைப் பேசுதியே." போனை வைத்துவிட்டாள். பொங்கலுக்குக்கூடப் பேசவில்லை. அம்மா ஒருநாள், "சொல்லாம இருந்திருக்கலாமோ?" என்று கேட்டாள். பிறகு அவளே, "இல்ல. எனக்கு யாராவது முன்னாடியே சொல்லிருந்தா நல்லாருந்திருக்கும்," என்றாள்.

சித்தி மகள் ஒரு சனிக்கிழமை காலையில் தானாக வந்து இறங்கினாள். தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து போன் பண்ணி, "அக்கா, கரமனைக்கு எந்த பஸ்ல ஏறணும்?" என்று கேட்டபோதுதான் எனக்கே தெரியும். அன்றைக்கு அம்மா போனில் பேசியதைச் சித்தியின் பக்கத்திலிருந்து அவளும் கேட்டிருக்கிறாள். "அம்மாட்ட சிநேகிதி வீட்டுக்குன்னு சொல்லிட்டு வந்தேன். எனக்கு இருந்தாலும் இல்லைன்னாலும் எனக்குத் தெரியணும்க்கா." அவளை அதே டாக்டரிடம் அழைத்துப்போனேன். அவளுடைய முடிவு அவளுக்குரியது, நான் எழுதப் போவதில்லை. அவளுக்குக் கல்யாணம் நடந்தது, மாப்பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்பது வரை சொல்லலாம். கல்யாணத்தில் சித்தி அம்மாவின் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்கார வைத்தாள்.

அண்ணனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்கள் உண்டு. மருந்து ஒன்றும் வரவில்லை. அந்தக் கூடுதல் புரத உற்பத்தியை அடக்கினால் சரியாகும் என்று எலிகளில் கண்டார்கள். மனிதர்களில் அது அவ்வளவு சுலபமாக இல்லை. ஆய்வகத்தில் நான் இப்போதும் தொப்பி போட்ட நகல்களோடுதான் வேலை செய்கிறேன், ஆனால் என் வேலையால் அண்ணன் மாறுவான் என்று நினைக்கவில்லை. மாறியது நாங்கள். முகத்தைப் பார்ப்பது இவர்களுக்குத் தாங்க முடியாத வெளிச்சத்தைப் பார்ப்பதுபோல என்று பயிற்சி தரும் பெண் ஒருவர் சொன்னார். அதுவரை அம்மா தினமும் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பி, "என் கண்ணைப் பாத்துப் பேசுல," என்பாள். அன்றோடு விட்டுவிட்டாள். பேச வேண்டுமென்றால் பக்கத்தில் உட்கார்ந்து, இருவரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டு பேசுவோம். அப்படி உட்கார்ந்தால் அவன் நிறையப் பேசினான். காது வலிக்கிறது என்று சொன்னான். அப்பா செருப்புச் சத்தம் பிடிக்காது என்று சொன்னான். இதெல்லாம் இத்தனை நாள் அவனுக்குள் இருந்திருக்கிறது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் கணவரும் நானும் அவனை விழிஞ்ஞத்துக்குக் கூட்டிப்போனோம். மீன்பிடித் துறையின் சுவரில் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்தோம். தூரத்தில் நீல நிறக் கிரேன்கள். என் கணவர் அவை எப்படிப் பெட்டியைத் தூக்குகின்றன என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் கடலைப் பார்த்தபடி கேட்டான். கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க அதுமேல ஏறுவீங்களா?" என்றான்.

"ஏறுவேன்."

"பயமா இருக்குமா?"

"முதல்ல இருந்துச்சு."

"எனக்கு பஸ்ல இருக்கும்," என்றான் அண்ணன்.

அவன் எதற்குப் பயப்படுகிறான் என்று அவன் வாயால் சொல்லி நான் கேட்டது அதுவே முதல்முறை. நாங்கள் திரும்பும்போது பஸ்ஸில் ஏறாமல் ஆட்டோ பிடித்தோம். அவன் ஓரத்து இடத்தில் உட்கார்ந்து, வழி நெடுக வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.