ஆர்கனும் படங்கும்

பழைய காரின் துருப்பிடித்த கதவை வெல்டிங் செய்யும்போது காற்றுப் படாமல் காக்கத் தனிக் கார்பன் டையாக்சைடு கேஸே போதும் என்று அடம்பிடித்தேன். மெல்லிய தகடு பொத்தல் பொத்தலாக உருகியது. பிறகு ஆர்கன் கலந்த கேஸ் வாங்கினேன். பொத்தல் நின்றது, ஆனால் வெல்டிங் முழுக்கக் குமிழிகள். மட்டமான கேஸைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரனைத் திட்டித் தீர்த்தேன்.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த என் மனைவி கேட்டாள். "அந்த மனுசன ஏங்க ஏசுறீங்க? இந்தத் திறந்த கொட்டகையில காத்துதான் கேஸ அள்ளிக்கிட்டுப் போகுது."

மலைக்குப் போகும்போது ஈரம் படாமல் இடுப்பில் கட்டும் முரட்டுத் துணியான படங்கை அவிழ்த்து, காற்றை மறைத்துப் பிடித்தாள். வெல்டிங் வழவழவென்று வந்தது. ஈரப் படங்கில்தான் பொறி பட்டு ஏழெட்டு ஓட்டைகள்.

புதிது வாங்கித் தருகிறேன் என்றேன்.

"இப்ப வேணாங்க. இன்னும் மூணு கதவு இருக்குல்ல?"