அவரை முதுகுப்புறமாகக் கீறியது

சாவகச்சேரி ஆசுப்பத்திரியில் ஆண்கள் வாட்டில் தாதியாக வேலை செய்து நான் ஓய்வு பெற்றபோது, என் கணவர் இறந்து இரண்டு மாதமாகியிருந்தது. இரண்டுக்கும் நான் அழவில்லை. செத்தவீட்டில் சிலர் அதைக் கவனித்தார்கள். "அவள் ஆசுப்பத்திரியிலை உதெல்லாம் கனக்கப் பாத்திட்டாள்" என்று அக்கா எனக்காகச் சமாதானம் சொன்னாள். அது உண்மையோ தெரியாது. பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உடம்பு முழுவதும் இருந்தது. தொட்டால் தெரியும், நோகாது.

மகன் கனடாவில் இருக்கிறான். அங்கே அவனுக்கு இன்னும் விசா அலுவல் முடியவில்லை. அப்பாவின் செத்தவீட்டுக்கு வர முடியாமல் போயிற்று. ஊருக்கு வந்த ஒருவரிடம் எனக்கென்று பாஸ்டல் நிறக்கட்டிப் பெட்டி ஒன்றைக் கொடுத்து விட்டான். பள்ளிக்கூடத்தில் நன்றாகப் படம் கீறுவேன் என்று எப்போதோ அவனுக்குச் சொல்லியிருக்கிறேன். பார்க்கக் கரும்பலகையில் எழுதும் சோக்கட்டி மாதிரித்தான், ஆனால் மெத்தென்று இருந்தது. தொட்டவுடன் நிறம் விரலில் ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோவில் வந்து, "அம்மா, இந்தமுறை என்ன கீறினீங்கள்?" என்பான். கேட்பானே என்பதற்காகக் கீறினேன். கத்தரிக்காய், தேத்தண்ணிக் கோப்பை, மதிலில் காய்ந்த பாய். நோயாளிக்கு நேரத்துக்கு மருந்து கொடுப்பதைப்போலப் பின்னேரங்களில் மேசைக்கு முன்னால் போய் இருந்தேன். விரலால் தேய்த்து நிறங்களைக் கலக்கும்போது பொழுது போனது. அதற்குமேல் ஒன்றும் நான் எதிர்பார்க்கவில்லை.

ஒரு ஞாயிறு, "அப்பாவைக் கீறுங்கோவன்" என்றான்.

"போட்டோ கனக்கக் கிடக்குத்தானே, தம்பி."

"அதெல்லாம் கலியாணவீட்டுப் போட்டோ அம்மா. நீங்கள் பாத்த மாதிரிக் கீறுங்கோ."

"ஓம்" என்றேன்.

நெற்றி, மூக்கு, தாடை எல்லாம் சரியாகவே வந்தன. முடித்துவிட்டுத் தள்ளி வைத்துப் பார்த்தேன். வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. கடைசி நாள் கட்டிலில் கிடந்த முகம். வேறு முகம் என் கைக்கு வரவில்லை. துணியால் துடைத்தேன். நிறம் முழுவதும் போகாமல் மண்ணிறமாக ஒரு கறை நின்றது. இதை அவனுக்கு அனுப்ப முடியாது.

இரண்டு நாள் மேசைப் பக்கம் போகவில்லை. பிறகு புதுக் கடதாசி எடுத்தேன். வெள்ளிக்கிழமைகளில் நாங்கள் சந்நிதிக் கோயிலுக்குப் போவோம். கும்பிட்டுவிட்டு வரும் வழியில் அவர் தொண்டைமானாற்றுப் பாலத்தில் மோட்டசைக்கிளை நிறுத்தி, வலை வீசுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "வெயில் ஏறுது, வாங்கோ" என்று நான் பின்னால் நின்று கூப்பிடுவேன். திரும்பமாட்டார். ஒரு தோள் சற்றே இறங்கியிருக்கும். வெள்ளைச் சேட்டு நடுமுதுகில் வியர்த்து ஒட்டியிருக்கும். அதைக் கீறினேன். வியர்த்த இடத்துக்கு வெள்ளையோடு கொஞ்சம் சாம்பல் நிறம் தேய்த்தேன்.

அதைப் போனில் படம் எடுத்து அனுப்பியதும், ஞாயிறுவரை பொறுக்காமல் மகன் உடனே அழைத்தான். வேலைத்தலத்து வாசலில், காருக்குள் இருந்தான்.

"அப்பா இப்பிடித்தானம்மா நிப்பார்."

சொல்லும்போதே அழுதான். வாட்டில் எத்தனையோ ஆண்கள் அழுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நேரம் பேசாமல் பக்கத்தில் நிற்கவேண்டும். போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கும் வருமோ என்று பார்த்தேன்.

"நீங்கள் அழேல்லையோ அம்மா?"

"வரேல்லை ராசா. அப்பா போன அண்டையிலிருந்து வரேல்லை."

இதை நான் யாருக்கும் சொன்னதில்லை. அவன் மூக்கைத் துடைத்தான். "பரவாயில்லையம்மா. படத்துக்குக் கண்ணாடி போட்டு வையுங்கோ. நான் வந்து பாக்கவேணும்."

மறுநாள் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், படங்களுக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்தேன். கடைக்காரர் அளவு பார்ப்பதற்காகக் கடதாசியை அழுத்திப் பிடித்தார். பெருவிரலில் வெள்ளை ஒட்டியது. ஒன்றும் யோசிக்காமல் அதை இடுப்புச் சாரத்தில் துடைத்தார்.

"மெல்லமாப் பிடியுங்கோ!" என்றேன்.

கடையில் நின்ற மற்றவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் அவ்வளவு பெரிதாக வந்தது எனக்கே புதிதாக இருந்தது. கடைக்காரர் கையை எடுத்துக்கொண்டு, "குறை நினையாதேங்கோ அம்மா. ஆர் இது?" என்று கேட்டார்.

"என்ரை அவர்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியை வைத்து முடிக்கும்வரை அந்த மேசையோடு ஒட்டி நின்றேன்.