மார்கழியில் கட்டிய தவணை

ஸ்வீட் பாக்ஸைக் கண்டாலே இப்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. யார் வீட்டு விசேஷத்தில் கொடுத்தாலும் வாங்கி ஓரமாக வைத்துவிடுகிறேன்.

விருத்தாசலம் செராமிக் எஸ்டேட்டில் அகல்விளக்கு போடுகிறவள் நான். சொந்தமாக ஒரு கேஸ் சூளை வாங்க ஐந்து லட்சம் கடன் கேட்டபோது, சொத்து ஜாமீன் வேண்டும் என்றது பைனான்ஸ் கம்பெனி. என்னிடம் ஏது சொத்து? சேத்தியாத்தோப்பில் இருக்கிற என் அக்காதான் தன் வீட்டுப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தாள். அதற்காக மாமா அவளோடு கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதைக்கூட அவள் என்னிடம் சொல்லவில்லை.

எங்கள் தொழிலில் வருஷம் முழுக்க வார்த்துச் சுட்டு அடுக்குவோம். காசு பார்ப்பது கார்த்திகையில் மட்டும்தான். மாதா மாதம் தவணைக்கு எங்கே போவது? எஸ்டேட்டில் பலரும் செய்கிற மாதிரி நானும் மார்கழி பிறந்ததும் ஒரு வருஷத் தவணையை மொத்தமாகக் கொண்டுபோய்க் கட்டிவிடுவேன். ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரத்துச் சொச்சம். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். நாற்காலி போடச் சொல்வார், காபி வரும், கிளம்பும்போது கையில் ஒரு ஸ்வீட் பாக்ஸ். நானும் பூரித்துப்போய் அக்காவுக்குப் போன் போட்டுப் பெருமை பேசுவேன்.

கடன் வாங்கி மூன்று வருஷம் முடிந்த சமயத்தில், மகள் கல்யாணத்துக்காக அக்கா அந்த வீட்டை விற்க அட்வான்ஸ் வாங்கிவிட்டாள். அந்த வாரமே பத்திரப்பதிவு. நான் கடனை முழுக்க அடைத்துப் பத்திரம் கைக்கு வராவிட்டால் வாங்கிய அட்வான்ஸைத் திருப்ப வேண்டும், கல்யாணம் நின்றுவிடும்.

நான் போட்ட கணக்கு சுலபமானது. ஏழு வருஷக் கடனில் மூன்று வருஷம் கட்டியாயிற்று. ஏழில் நாலு பங்குதானே பாக்கி, மூன்று லட்சத்துக்கும் கீழேதான். எதற்கும் இருக்கட்டுமென்று விளக்குக் காசு, சீட்டுக் காசு எல்லாம் சேர்த்து மூன்று லட்சத்து இருபதாயிரம் எடுத்துப் போனேன். மேனேஜர் நீட்டிய தாளில் பாக்கி மூன்று லட்சத்து நாற்பத்தேழாயிரம் என்று இருந்தது.

தாளை முதலிலிருந்து படித்தேன். முதல் மாதத் தவணை ஒன்பதாயிரத்து அறுநூற்றுச் சொச்சத்தில் ஆறாயிரத்து இருநூற்றைம்பது வட்டிக்கே போயிருந்தது. மிச்சம்தான் அசலில் கழிந்திருந்தது. சரி, ஆரம்பத்தில் அசல் பெரிதாக இருக்கும்போது வட்டியும் அதிகம்தான். நான் பங்கு போட்டது தப்பு. ஆனால் நான் மார்கழியில் கொட்டிய பணம் எங்கே? அதை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டு மாதம் ஒரு தவணையாகப் பிய்த்துப் பிய்த்துக் கழித்திருந்தார்கள்.

"எங்காசு உங்ககிட்ட சும்மா கெடக்குது. அப்பவும் கடன் கொறையாத மாதிரி எங்கிட்ட வட்டி வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க அட்வான்ஸ் டியூன்னுதானே மேடம் கட்டினீங்க. அசல்ல கழிக்கச் சொல்லி எழுதித் தரலையே" என்றார் அவர். குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

எழுதித் தர வேண்டும் என்று மூன்று மார்கழியில் ஒரு மார்கழியிலாவது சொன்னாரா இந்த மனுஷன்? காபி கொண்டுவரச் சொல்ல வாய் வந்ததே, இதைச் சொல்ல வரவில்லையா? அந்தத் தாளின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டேன். கட்டிய அன்றே என் பணத்தை அசலில் கழித்து, மிச்சத்துக்கு மட்டும் வட்டி ஏற்றிக்கொண்டே வந்தேன். பாக்கி மூன்று லட்சத்துப் பதினாறாயிரத்துச் சொச்சத்தில் வந்து நின்றது. என் பையில் இருந்த பணமே போதும். முப்பதாயிரம் ரூபாய்க்கு என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். விதிமுறை, விதிமுறை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

வேறு வழியில்லாமல் அக்காவுக்குப் போன் செய்தேன். எவ்வளவு குறைகிறது என்று மட்டும் கேட்டாள். அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினாள். மகளுக்கென்று செய்து வைத்திருந்த வளையலை எதிரே இருந்த அடகுக் கடையில் வைத்து, குறைந்த பணத்தை எண்ணிக் கொடுத்தாள். ஏன் குறைந்தது என்று கேட்கவே இல்லை. கிளையிலேயே இருந்த பத்திரத்தை எடுத்துவந்து கொடுத்த மேனேஜர், பழக்க தோஷத்தில் அவள் கையிலும் ஒரு ஸ்வீட் பாக்ஸைத் திணித்தார்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் அக்கா அதைப் பிரித்தாள்.

"ஒழுங்கா கட்டுறவங்கள எப்படி மதிக்கிறாங்க பாரு" என்று ஒரு மைசூர்பாகை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"அத வாயில வெக்காதக்கா. அது உன் பொண்ணு வளையல்."