தென்னை நாரும் என் எடையும்

எட்டு வயதில் நான் பார்த்த முதல் உத்தியோகம் எடைக்கல் உத்தியோகம். கூலி, உட்காரும் ஒவ்வொரு தடவைக்கும் ஒரு தேன்மிட்டாய். வேலை கொடுத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. ரேஷன் கடைத் தராசில் என்னை ஏற்றி, இருபத்தொரு கிலோ என்று பார்த்த பிறகுதான் சேர்த்துக்கொண்டார். அப்படியொரு கறாரான ஆள். அவரைத்தான் நான் ஏமாற்றினேன்.

எங்கள் வீடு கேரளப் பக்கத்துச் சித்தூருக்குக் கிழக்கே, கோபாலபுரம் செக்போஸ்டுக்குப் போகிற வழியில். அப்பா தென்னையில் கள் இறக்குகிறவர். கால் வைத்து ஏற மரத்தில் ஓரடிக்கு ஒன்றாகத் தேங்காய் மட்டையை வைத்துக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவார்கள். அப்பா ஏறும் மரங்களுக்கு மாமாதான் லீவு நாளில் மட்டை கட்டிக் கொடுப்பார். ஒரு நாள் பாதி மரத்தில் மட்டை நழுவி அப்பா விழுந்தார். உயிர் தப்பியது. வலது பாதம் மட்டும் சொன்ன பேச்சுக் கேட்காமல், தூக்கினால் துவண்டு தொங்கியது. ஆஸ்பத்திரியில் இரும்புப் பட்டை வைத்த பூட்ஸ் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு வாசல்வரைக்கும் போவதற்குள் அப்பாவுக்கு வியர்த்துவிடும். கழற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் படுத்துக்கொள்வார்.

மரத்தடியில் கயிறும் மட்டையுமாகக் கிடந்ததை நானே பார்த்தேன். ஆனால் கட்டிலருகே தலை குனிந்து நின்ற மாமாவிடம் அப்பா, “என்ற காலுதான் வழுக்கிருச்சு மாப்ளே” என்றார். விழுந்ததில் அப்பாவுக்கு ஞாபகம் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா வேலை பார்த்தது கதவும் தண்ணீர்த் தொட்டியும் செய்கிற ஒரு பைபர் கம்பெனியில். அச்சில் கண்ணாடி நாரை விரித்து ரெசினை ஊற்றினால் இறுகிப் பலகையாகிவிடும். கண்ணாடி நாருக்குப் பதில் தென்னை நாரைப் போட்டால் என்ன என்று மாமாவுக்குத் தோன்றிவிட்டது. எடை குறையும், தோலை அரிக்காது, மட்டைக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. அதில் கெண்டைக்காலில் தொடங்கி உள்ளங்கால்வரை ஒரே வளைவாக ஒரு பட்டை செய்து மாட்டிவிட்டால் பாதம் தொங்காது, இரும்பும் வேண்டாம். எந்த மட்டை அப்பாவைக் கீழே தள்ளியதோ அந்த மட்டையின் நாராலேயே அவரை நிறுத்திவிட வேண்டும் என்று மனுசன் வெறி பிடித்து அலைந்தார்.

நாரைச் சோடாக் காரத் தண்ணீரில் ஊறப்போட்டு, அலசி, வெயிலில் காயவைப்பார். கம்பெனி மேஸ்திரியிடம் கெஞ்சி வாங்கிய மிச்ச ரெசினை ஊற்றி, மேலே அம்மிக்கல்லை ஏற்றிவிடுவார். இறுகிய துண்டின் இரண்டு முனைகளையும் இரண்டு சிமெண்ட் கற்களின்மேல் வைத்து, நடுவில் நான் உட்கார வேண்டும். மடியில் மணல்மூட்டை. துண்டு எவ்வளவு தொய்கிறது என்று முதுகுப் பக்கம் குந்தி ஸ்கேல் வைத்து அளப்பார்.

நாலு துண்டுகள் அடுத்தடுத்து ஒடிந்தன. ஒவ்வொரு முறையும் நான் மணலோடு தரையில் சரிந்தேன். மாமா என்னைத் தூக்குவதற்கு முன்னால் ஒடிந்த விளிம்பைத்தான் எடுத்துப் பார்ப்பார். “நாரு அந்துருக்கோணும் அம்மிணி. இது உருவிக்கிட்டு வந்திருக்குது. ரெசினு நாரப் புடிக்கவே இல்ல” என்பார். அப்போது அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்காது.

எனக்கும் ஒரு அவசரம் இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும்போது வாய்க்கால் பாலம் தாண்டி என்னைக் கொண்டுவந்து விடுவதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். அதற்குள் காலவர்ஷ மழை வந்துவிட்டது. ஐந்தாவது துண்டுக்கு வைத்த நார் காயவே இல்லை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, புகை நாற்றத்தோடு எடுத்து ரெசினில் போட்டார் மாமா. ரெசினும் அத்தோடு தீர்ந்தது, பட்டைக்கென்று எடுத்து வைத்திருந்ததைத் தவிர. இதுவும் ஒடிந்தால் விட்டுவிடப் போவதாக அம்மாவிடம் சொன்னார்.

உட்கார்ந்தேன். மணல்மூட்டை மடிக்கு வந்தது. எனக்குக் கீழே டிக்கென்று ஒரு சின்னச் சத்தம். வேறு யாருக்கும் கேட்டிருக்காது. என் பாதத்துக்கும் தரைக்கும் இரண்டு விரற்கடைதான் இடைவெளி. அன்று நான் போட்டிருந்தது பெரியம்மா மகளின் பழைய பாவாடை, தரைவரைக்கும் மூடும். கால் விரல்களை நீட்டித் தரையில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு பாதி எடையைத் தூக்கிக்கொண்டேன். கெண்டைச்சதை வெடவெடவென்று ஆடியது.

முதுகுக்குப் பின்னால் மாமாவின் குரல் உடைந்தது. “மச்சா, அரை விரக்கடைகூட எறங்கலீங்க.”

எதிரே தாழ்ந்த கயிற்றுக் கட்டிலில் அப்பா ஒருக்களித்துப் படுத்திருந்தார். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். “போதும், எறங்கு அம்மிணி. காலு வலிக்கப்போவுது” என்றார்.

பட்டை தயாரானது. பள்ளிக்கூடம் திறந்த அன்று அப்பா என்னோடு நடந்தார். இரும்புச் சத்தம் இல்லை, வியர்வை இல்லை. மாமா எங்களுக்குப் பின்னாலேயே பாலம்வரை வந்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பதினோரு நாள் அப்படிப் போனோம். பன்னிரண்டாம் நாள் மழையில், பாலத்தின் படியில் பட்டை இரண்டாக ஒடிந்தது. அப்பா வாய்க்காலுக்குள் போனார். இடுப்பெலும்பு போயிற்று. பிறகு அவர் நடக்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மாமா அந்த ஒடிந்த விளிம்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நார் உருவிக்கொண்டு வந்திருந்தது. உட்கார வைத்துப் பார்த்தபோது தாங்கியதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பக்கத்து பெஞ்சில் இருந்த நான் கால் விரல்களை மடக்கிப் பெஞ்சுக்கடியில் இழுத்துக்கொண்டேன். உள்ளே கட்டிலில் கிடந்த அப்பா மறுபடியும், “என்ற காலுதான் வழுக்கிருச்சு மாப்ளே” என்றார். அந்த மாதமே மாமா வேலையை விட்டுவிட்டு வண்டன்மேட்டுக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போனார். அதற்கப்புறம் அப்பாவின் சாவுக்குத்தான் வந்தார். வந்தவர் வீட்டுக்குள் வரவில்லை, வாசலிலேயே நின்றுவிட்டுப் போய்விட்டார்.

இப்போது எனக்குக் கோயமுத்தூரில் பிளாஸ்டிக் சோதனைக்கூடத்தில் வேலை. துண்டை இரண்டு முனையில் தாங்கவைத்து நடுவில் அழுத்துகிற மெஷின் என் பொறுப்பு. எட்டு வயதில் நான் பார்த்த அதே உத்தியோகம்தான், மெஷினுக்குக் கால் விரல் கிடையாது, அவ்வளவே. தென்னை நார் ஈரத்தைக் குடிக்கும், ஈர நாரை ரெசின் பிடிக்காது. ஒரு தடவை தாங்கிய துண்டும் ஆயிரம் அடி நடந்தால் உள்ளே விரிசல் ஓடி ஒடியும். எல்லாம் படித்துவிட்டேன். நான் விரலை ஊன்றாமல் இருந்திருந்தால் அது அன்றைக்கே ஒடிந்திருக்கும், அப்பா இரும்பு பூட்ஸோடாவது நடந்திருப்பார். அந்தப் பாவம் என்னுடையது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன், யாருக்கும் தெரியாது என்றும்.

போன வாரம் மெஷினில் ஒரு துண்டை வைத்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் அந்தப் பேச்சு காதில் விழுந்தது. காலு வலிக்கப்போவுது. கையை எடுத்துவிட்டேன். பலகைமேல் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்குக் கால் ஏன் வலிக்கப்போகிறது? தாழ்ந்த கட்டிலில் படுத்திருந்தவருக்குப் பாவாடைக்கடியில் என் விரல்கள் தெரிந்திருக்கின்றன. தெரிந்தேதான் மறுவாரம், மாமா மண்டியிட்டுப் பட்டையின் வாரைக் கட்டிவிடுவதற்காக, அப்பா அந்தக் காலை நீட்டியிருக்கிறார்.